தம்பி ஃபெடரல் ஜெயிலில், கால் விரலை எடுத்துவிட்டார்கள். கேஸ் போடலாமா?

கோவில்பட்டி_அக்கா
பிப்ரவரி 17, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சமையல், விசா பக்கங்களில் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவள் நான். இதை வேறு எங்கே கேட்பது என்று தெரியவில்லை. என்னை அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

என் தம்பிக்கு 41 வயது. பார்மசி பில்லிங் விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அமெரிக்க மத்திய அரசுச் சிறை ஒன்றில் 46 மாதத் தண்டனை அனுபவிக்கிறான். செய்தது தப்புதான், அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் அவனுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறவன். பழைய ஜெயிலில் டாக்டர் சீட்டு எழுதி, மெத்தென்ற ஷூ கொடுத்திருந்தார்கள். ஜனவரி 6 இந்த ஜெயிலுக்கு மாற்றியபோது அந்த ஷூ கூட வரவில்லை. கிச்சன் வேலைக்குப் போட்டு, இரும்பு முனை வைத்த பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரத்தில் இடது காலில் கொப்புளம். 14, 19, 23 என்று மூன்று முறை சிக் கால் (உள்ளே உடம்பு சரியில்லை என்று மருத்துவப் பிரிவில் காட்டுவது) போயிருக்கிறான். ஒரு முறை களிம்பு, ஒரு முறை "தண்ணீர் நிறையக் குடி", ஒரு முறை பார்க்கவே இல்லை. 31-ம் தேதி காய்ச்சலில் விழுந்த பிறகுதான் வெளி ஆஸ்பத்திரி. பிப்ரவரி 3 சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். 8-ம் தேதி திரும்பக் கொண்டுவந்து, வாசலில் மறுபடி அதே பூட்ஸ்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கேஸ் போடலாம் என்று ஒரு வக்கீலிடம் போனேன். இருபது நிமிஷம், 400 டாலர். முழுக் கதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "உள்ளே இருக்கிற ரெமெடி எல்லாம் எக்ஸாஸ்ட் பண்ணிவிட்டாரா?" எக்ஸாஸ்ட் என்றால் எனக்கு அடுப்பு மேலே சுற்றுகிற ஃபேன்தான். முழித்தேன். உள்ளேயே மனு கொடுத்து, அதை மேலே மேலே கொண்டுபோய், எல்லாக் கதவும் சாத்திய பிறகுதான் கோர்ட்டுக்கு வர முடியும், அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்.

விரலை எடுத்தவர்களிடமே மனு கொடுக்க வேண்டுமாம். இது நிஜமா? அவனுக்குப் பதில் நான் வெளியிலிருந்து எழுதி அனுப்பலாமா? அம்மாவுக்கு விரல் விஷயம் இன்னும் தெரியாது.

ஸ்ட்ரெய்ட்_டாக்
பிப்ரவரி 17, இரவு 10.05

அரசாங்கப் பணத்தைத் தின்றவனுக்கு அரசாங்கச் செலவில் ஷூ கேட்கிறீர்கள். என்ன சொல்ல.

மதுரை_அட்வகேட்
பிப்ரவரி 17, இரவு 10.50

மேலே எழுதிய தம்பிக்கு: தண்டனை என்பது அடைத்து வைப்பது மட்டும்தான், விரலை எடுப்பது அதில் சேராது. அவ்வளவுதான் சொல்வேன்.

அம்மா, நான் மதுரையில் 38 வருடம் வக்கீலாக இருந்தவன். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இதற்கு ஏன் இவ்வளவு சுற்று? 1979-ல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி, பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினான். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து, கிருஷ்ணய்யர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஸ்டாம்பு, படிவம் ஒன்றும் கிடையாது. இந்த ஊர் அரசியல் சட்டத்திலும் கொடூரத் தண்டனை கூடாது என்று எட்டாவது திருத்தம் இருக்கிறதே. நேரே மாவட்ட நீதிமன்ற நீதிபதிக்கு எழுதுங்கள்.

29_சென்ட்
பிப்ரவரி 17, இரவு 11.30

அக்கா, மற்றதை அப்புறம் படியுங்கள். முதலில் கேலண்டரை எடுங்கள். விரலை எடுத்தது பிப்ரவரி 3. அதிலிருந்து 20 நாள் என்றால் 23, திங்கட்கிழமை. வேலை நாள் கணக்கு இல்லை, சனி ஞாயிறு, நேற்றைய பிரசிடெண்ட்ஸ் டே எல்லாம் சேர்த்தி. அதற்குள் பி.பி.9 என்ற குறை மனுப் படிவம் வார்டன் (சிறையின் தலைமை அதிகாரி) ஆபீசில் பதிவாக வேண்டும். தம்பி எழுதிய தேதியோ கவுன்சிலர் (கைதிகளின் குறையை முதலில் கேட்கும் சிறை ஊழியர்) கையில் கொடுத்த தேதியோ கணக்கில் வராது. விதிப்படி, அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிய தேதிதான் தேதி. அதனால் 23 என்று நினைக்காதீர்கள், வெள்ளிக்கிழமை 20 என்று நினையுங்கள். இன்று ராத்திரியே கோர்லிங்க்ஸில் (கைதிகளுக்கு மெசேஜ் அனுப்பும் தளம்) மெசேஜ் போடுங்கள்.

மதுரை ஐயா கோபிக்கக் கூடாது. நீங்கள் சொன்ன கடிதத்தை இங்கே எழுதினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஜட்ஜ் திட்டமாட்டார், மரியாதையாக நாலு பக்கம் எழுதித் தள்ளுபடி செய்வார்.

நான் வக்கீல் இல்லை. 34 மாதம் உள்ளே இருந்தவன். அதில் இரண்டு வருஷம் லா லைப்ரரியில் கிளார்க், மணிக்கு 29 சென்ட். (அது நல்ல கிரேடு! கீழே 12 சென்ட்டுக்குத் தரை துடைத்தவர்கள் உண்டு.) லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடம் என்று நினைக்காதீர்கள். நாலு கம்ப்யூட்டர், மூன்று டைப்ரைட்டர், அதற்கு ரிப்பன் கமிசரியில் (சிறைக் கடை) நம் காசில் வாங்க வேண்டும். அங்கே உட்கார்ந்து நான் டைப் அடித்த மனுக்களில் பாதிக்கு மேல், "நிர்வாகப் பரிகாரங்களை முடிக்கவில்லை" என்ற ஒரே வரியில் செத்தன.

சட்டம் 1996 ஏப்ரலில் வந்தது, கிளிண்டன் கையெழுத்துப் போட்டது. சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம், உள்ளே பி.எல்.ஆர்.ஏ. என்போம். அதில் ஒரு வாக்கியம்: சிறை நிலைமை பற்றிக் கைதி வழக்குப் போடுவதானால், உள்ளே கிடைக்கிற பரிகாரங்களை எல்லாம் முடித்துவிட்டுத்தான் போட வேண்டும். ஷூ, சாப்பாடு மட்டும் இல்லை. வார்டர் போட்டு அடித்தாலும் முதலில் படிவம்தான் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, போர்ட்டர் எதிர் நஸ்ஸில் வழக்கில். அதற்கு முந்தின வருஷம் பூத் எதிர் சர்னர். அந்த ஆள் கேட்டது பணம். உள் மனுவில் பணம் கொடுக்கிற வழியே கிடையாது. இருந்தாலும் உள்ளே எல்லாப் படியும் ஏறிவிட்டு வா என்றார்கள். 2006-ல் வுட்ஃபோர்ட் எதிர் ங்கோ, இதுதான் எங்களைக் கொன்றது. ஏறினால் மட்டும் போதாது, அவர்கள் சொன்ன கெடுவுக்குள், அவர்கள் சொன்ன முறையில் ஏறியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அப்போது 15 வேலை நாள் கெடு. அது தவறினால் உள்ளே கதவு சாத்தியது, அதனாலேயே கோர்ட் கதவும் சாத்தியது.

ஃபெடரலில் படிகள் இப்படி. முதலில் பி.பி.8, இது கவுன்சிலரோடு பேசித் தீர்க்கப் பார்க்கும் தாள். அடுத்து பி.பி.9 வார்டனுக்கு. அவர் மறுத்தால் பி.பி.10 ரீஜனல் டைரக்டருக்கு, 20 நாளில். அவரும் மறுத்தால் பி.பி.11 வாஷிங்டனுக்கு, 30 நாளில். பதில் சொல்ல அவர்களுக்கு முறையே 20, 30, 40 நாள், தேவைப்பட்டால் நீட்டிக்கொள்ளலாம். நமக்குக் கெடு எண்ணுவது பதில் நம் கைக்கு வந்த நாளிலிருந்து இல்லை, அவர்கள் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து. கையெழுத்துப் போட்டு மேஜையில் ஒரு வாரம் கிடந்தால் அந்த ஒரு வாரம் நம்முடையது. அவர்கள் கெடுவுக்குள் பதிலே வரவில்லை என்றால் மறுத்ததாக வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம், காத்திருக்கக் கூடாது.

இதில் பலரும் விழுகிற குழி பி.பி.8. கவுன்சிலர் "பார்க்கிறேன்" என்று வாங்கி வைப்பார். பார்ப்பார், பார்ப்பார். அந்த நாட்களும் 20-க்குள்ளேதான் ஓடும். பி.பி.8 கடிகாரத்தை நிறுத்தாது.

என் அடுக்குக் கட்டிலில் மேலே படுத்திருந்தவர் பெயர் வேண்டாம், பிளம்பர். லாண்டரி மெஷினில் கை மாட்டி இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. பி.பி.9 நானே டைப் அடித்தேன், அழகான மனு. பி.பி.10-ம் போட்டார். அதோடு, "ரெண்டு பேரும் இல்லேன்னு சொல்லியாச்சு, மூணாவது ஆள் மட்டும் என்ன சொல்லப்போறான்" என்று விட்டுவிட்டார். எனக்கும் அன்று வயிற்றெரிச்சலில் அது சரியாகத்தான் பட்டது. கேஸ் போட்டார். பதினோரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. நாலு பக்கம், அதில் மூன்றரைப் பக்கம் எந்தத் தேதியில் எந்தப் படிவம் என்ற கணக்கு. கை என்ற வார்த்தை ஒரே ஒரு இடத்தில் வந்தது. அவர் அதை மடித்து ஷூ டப்பாவில் வைத்துவிட்டு டொமினோ ஆடப் போய்விட்டார்.

இதற்கு மேல் கோர்ட் ஃபீஸ் 350 டாலர். ஏழை என்று எழுதிக் கொடுத்தாலும் தள்ளுபடி கிடையாது, தவணைதான். கணக்கில் வரும் பணத்தில் மாதம் 20 சதவீதம் பிடிப்பார்கள். நீங்கள் 100 அனுப்பினால் 20 போகும். கேஸ் தள்ளுபடியானாலும் பிடித்தம் நிற்காது. பிளம்பருக்கு அவர் பெண்டாட்டி அனுப்பியதில் கடைசி வரை பிடித்தார்கள்.

தம்பி எழுத வேண்டியது: ஜனவரி 6 ஷூ, மூன்று சிக் கால் தேதிகள், 31 காய்ச்சல், 3-ம் தேதி விரல், 8-ம் தேதி மறுபடி பூட்ஸ், இன்றும் அதே பூட்ஸ். எல்லாம் ஒரே சங்கிலி, அதனால் ஒரே மனுவில் வரலாம். போன் ரிப்பேர், சாப்பாட்டில் உப்பு என்று வேறு எதையும் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் அதைச் சாக்காக வைத்துத் திருப்புவார்கள். படிவத்தில் இடம் போதாவிட்டால் ஒரே ஒரு கூடுதல் தாள்தான். ஷூ போனது ஜனவரி 6, அதற்கு 20 நாள் தாண்டிவிட்டதே என்பார்கள். அதனால், இப்போதும் ஷூ இல்லை, குறை இன்றுவரை தொடர்கிறது என்று கட்டாயம் எழுத வேண்டும். ஜனவரி 31 முதல் பிப்ரவரி 8 வரை ஆஸ்பத்திரியில் கிடந்தேன், எழுத முடியவில்லை என்பதும் எழுத வேண்டும். உடம்பு முடியாமல் தாமதமானால் கெடுவை நீட்டலாம் என்று விதியிலேயே இருக்கிறது. தலைப்பில் "அவசரம்" என்று போடச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து என்று அவர்கள் ஏற்றுக்கொண்டால் மூன்றாம் நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொள்வார்களா? சந்தேகம்தான். போட்டு வைப்போம்.

என்ன வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஷூ, காயம் பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட், நஷ்டஈடு மூன்றையும் கேட்கச் சொல்லுங்கள். நஷ்டஈடு இதில் கிடையாது என்று பதில் வரும், வரட்டும்.

கோவில்பட்டி_அக்கா
பிப்ரவரி 18, இரவு 8.15

தம்பி, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, தம்பி என்றே கூப்பிடுகிறேன். நேற்று ராத்திரியே மெசேஜ் போட்டேன். இன்று போனில் 15 நிமிஷம் பேசினான். கவுன்சிலரிடம் பி.பி.8 கேட்டானாம், ஃபார்ம் தீர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை வா என்றாராம். ஃபார்ம் தீர்ந்துபோகுமா? ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்த மாதிரி சொல்கிறார்கள்.

இன்னொன்று. அவன் பயப்படுகிறான். எழுதினால் கிச்சனிலிருந்து எடுத்து ஷூவில் போட்டுவிடுவார்கள் என்கிறான். எந்த ஷூ என்று நான் குழம்பிவிட்டேன், SHU என்று எழுதுகிற தனிக்கொட்டடியாமே அது. நானே எழுதி வார்டனுக்கு ஃபெடெக்ஸ் பண்ணினால் என்ன?

29_சென்ட்
பிப்ரவரி 18, இரவு 9.20

தனிக்கொட்டடிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று நானும் முதல் மாதம் குழம்பினேன் அக்கா.

ஃபெடெக்ஸ் வேண்டாம். நீங்கள் வாசகம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தாரோ வக்கீலோ கூட இருக்கும் கைதியோ உதவலாம் என்று விதியே சொல்கிறது. ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவன்தான். அவன் சார்பில் நீங்கள் அனுப்பினால் அது வெறும் கடிதம். வாசகத்தை மெசேஜில் அனுப்புங்கள், அவன் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். கூடவே தெரிந்துகொள்ளுங்கள், அந்த மெசேஜை அவர்களும் படிப்பார்கள். படிக்கட்டுமே, அதில் உள்ளது உண்மைதானே.

ஃபார்ம் தீர்ந்தது பழைய பாட்டு. நாளைக் காலை அவன் கேஸ் மேனேஜரிடம் கேட்கட்டும், அவரும் இல்லை என்றால் யூனிட் மேனேஜரிடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெயின்லைனில் (சாப்பாட்டு வரிசை) வார்டனோ துணை வார்டனோ நிற்பார்கள், நேரே போய், "சார், பி.பி.8, பி.பி.9 கேட்டேன், ஃபார்ம் இல்லை என்கிறார்கள்" என்று எல்லார் முன்னாலும் மரியாதையாகச் சொல்லட்டும். அதன் பிறகு ஃபார்ம் எங்கிருந்தோ முளைக்கும், நான் பார்த்திருக்கிறேன். அதே நாள் உள் கம்ப்யூட்டரில் வார்டனுக்கு ஒரு காப்-அவுட் (அதிகாரிக்குக் கைதி எழுதும் சின்னக் கோரிக்கை), "இன்ன தேதி இன்ன மணிக்கு இன்னாரிடம் ஃபார்ம் கேட்டேன், கொடுக்கவில்லை" என்று. நம் ஊரில் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவுக்குச் சீல் வைத்த ரசீது வாங்குவோமே, அந்தக் காப்-அவுட்தான் இங்கே ரசீது.

அது ஏன் முக்கியம் என்றால், சட்டத்தில் "கிடைக்கிற" பரிகாரம் என்றுதான் இருக்கிறது. 2016-ல் ராஸ் எதிர் பிளேக் என்ற மேரிலாந்து வழக்கில் நீதிபதி கேகன் மூன்று நிலைமைகளைச் சொன்னார். மனு கொடுத்தாலும் அதிகாரிகளால் எதுவும் செய்ய முடியாத, அல்லது எப்போதுமே செய்ய விரும்பாத முட்டுச்சந்து. சாதாரண ஆளுக்குப் புரியவே புரியாத அளவுக்குக் குழப்பமான முறை. அப்புறம், அதிகாரிகளே சூழ்ச்சி செய்து, பொய் சொல்லி, மிரட்டித் தடுப்பது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பரிகாரம் "கிடைக்கவில்லை", படி ஏறாமலே கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அதே தீர்ப்பில், பாவம் பார்த்து விடுகிற விசேஷச் சலுகை எதுவும் கிடையாது என்றும் அடித்துச் சொன்னார்கள். அதனால் "கொடுக்கவே விடவில்லை" என்பதற்குத் தேதியும் நேரமும் வேண்டும். ஞாபகத்தில் இருக்கிறது என்று சொன்னால் நிற்காது. ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள்.

மிச்சிகனில் ஒரு கைதி, அதிகாரி தன்னிடம் பாலியல் தொல்லை செய்ததாகவும், அதைப் பற்றிய மனுக்களைக் கிழித்துப் போட்டதாகவும் சொன்னார். கிழித்தாரா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? விஷயமும் மனுவும் இப்படிப் பின்னிக் கிடந்தால் ஜட்ஜ் மட்டும் முடிவு செய்யக் கூடாது, ஜூரி கேட்க வேண்டும் என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெர்ட்டு எதிர் ரிச்சர்ட்ஸ், ஐந்துக்கு நாலு. நான் வெளியே வந்த பிறகு வந்த தீர்ப்பு, படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை.

பயத்துக்கு ஒரு வழி உண்டு. இந்த ஜெயிலில் மனு தெரிந்தால் ஆபத்து என்று நிஜமாகவே நினைத்தால், படிவத்தில் "சென்சிட்டிவ்" என்று குறித்து, காரணம் எழுதி, வார்டனைத் தாண்டி நேரே ரீஜனல் டைரக்டருக்கே அனுப்பலாம். ஆனால் அவர்கள் அதை ஏற்காமல் திருப்பினால் மறுபடி வார்டனிடம் வர வேண்டும், நாள் போகும். காலில் போடும் ஷூ விஷயத்துக்கு நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன். தம்பி பயத்தைப் பொய் என்றும் சொல்லமாட்டேன், அதை அவன்தான் எடை போட வேண்டும்.

பாராலீகல்_மீனா
பிப்ரவரி 19, காலை 7.10

அக்கா, 29 சென்ட் அண்ணா சொன்னதெல்லாம் சரி. நான் ஒரு சின்ன சட்ட ஆபீசில் பாராலீகல் (வக்கீலுக்கு உதவியாளர்), சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது, அது தனிப் பாதை.

ஃபெடரல் சிறை என்பதால், அதிகாரிகள் மேல் தனிப்பட்ட முறையில் நஷ்டஈடு கேட்கும் வழி ரொம்பக் குறுகிவிட்டது. 1980-ல் கார்ல்சன் எதிர் கிரீன் வழக்கில், ஆஸ்துமாவுக்குச் சரியான சிகிச்சை இல்லாமல் இறந்த கைதிக்காக அந்த வழி திறந்தது. 2022-லும் 2025-லும் வந்த தீர்ப்புகள் அதை ஒரு விரற்கடை அகலத்துக்கு இறுக்கிவிட்டன. அதனால் விரலுக்குப் பணம் என்றால் பெரும்பாலும் அமெரிக்க அரசாங்கத்தின் மேலேயே, ஊழியர்களின் அலட்சியத்துக்காகப் போடும் வழக்குதான். எஃப்.டி.சி.ஏ. என்போம். அதற்கும் முதலில் உள்ளே ஒரு படி உண்டு, ஆனால் அது பி.பி.9 இல்லை. ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95. கெடு 2 வருஷம். இதற்கு வக்கீல் கையெழுத்துப் போடலாம். 6 மாதத்தில் பதில் வராவிட்டால் மறுத்ததாக வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம். மறுத்துக் கடிதம் வந்தால் அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் கேஸ் போட வேண்டும்.

அதில் ஒரு கட்டம், எவ்வளவு டாலர் என்பது. ஒரே எண் எழுத வேண்டும். "நியாயமான தொகை" என்று எழுதினால் அது மனுவே இல்லை. குறைத்து எழுதிவிட்டுப் பின்னால் கூட்டிக் கேட்பதும் கஷ்டம். இதை மட்டும் வக்கீல் இல்லாமல் செய்யாதீர்கள். வக்கீல் ஃபீஸுக்கு உச்சவரம்பு உண்டு, கேஸ் போடாமல் முடிந்தால் 20 சதவீதம், போட்டால் 25.

அப்படியானால் பி.பி. எதற்கு என்று கேட்பீர்கள். ஷூ கொடு, ஸ்பெஷலிஸ்டிடம் காட்டு என்று கோர்ட் உத்தரவு வேண்டுமானால் அதற்கு பி.பி. ஏணிதான். இரண்டும் கூடக்கூட நடக்கட்டும். ஒன்றைப் போட்டதால் மற்றதைப் போட்டதாக ஆகாது. எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒன்றைத்தான் போட்டிருப்பார்கள், அதுவும் தேவையில்லாத ஒன்றை.

இன்னொன்று, கேஸ் போடும்போது அவர் உள்ளே கைதியாக இருந்தால்தான் பி.எல்.ஆர்.ஏ. கட்டுப்பாடு, வெளியே வந்த பிறகு போட்டால் கிடையாது என்பதுதான் பெரும்பாலான அப்பீல் கோர்ட்டுகளின் நிலை. ஆனால் அதற்குள் காலவரம்பு முடிந்துவிடும் ஆபத்து உண்டு. 46 மாதத்தில் எவ்வளவு பாக்கி?

மதுரை_அட்வகேட்
பிப்ரவரி 19, காலை 9.30

படித்தேன். 38 வருட அனுபவம் இங்கே செல்லாக்காசு என்று புரிகிறது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. இப்படி ஒரு சட்டத்தை எதற்குப் போட்டார்கள்?

29_சென்ட்
பிப்ரவரி 19, இரவு 10.00

கடலை வெண்ணெய் ஐயா.

விளையாட்டில்லை. 90-களின் நடுவில் வருஷத்துக்குச் சுமார் 40 ஆயிரம் கைதி வழக்குகள் ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு வந்தன. உப்புச்சப்பில்லாத வழக்குகள் என்று மாநில அட்டர்னி ஜெனரல்கள் பட்டியல் போட்டார்கள். அதில் பிரபலமானது, நறநறப்பான பீனட் பட்டர் கேட்டவனுக்கு வழவழப்பானது கொடுத்ததால் கேஸ் போட்டான் என்பது. காங்கிரஸில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாம் சர்க்யூட் அப்பீல் நீதிபதி ஜான் நியூமன் அந்த வழக்கின் காகிதங்களை எடுத்துப் பார்த்தார். நடந்தது வேறு. தப்பாக வந்த ஜாடியை அவன் திருப்பிக் கொடுத்திருக்கிறான், சரியானதை அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், ஜாடி வரவில்லை, கணக்கிலிருந்து இரண்டரை டாலர் போய்விட்டது. அந்த இரண்டரை டாலரைத்தான் கேட்டான். நமக்கு அது சில்லறை. 12 சென்ட் கூலிக்காரனுக்கு அது இருபது மணி நேர வேலைக்கு மேல்.

வெட்டி வழக்குகள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நானே டைப் அடித்திருக்கிறேன், ஒருத்தர் சந்திரனில் தனக்கு நிலம் இருப்பதாக. ஆனால் அவரையும் பிளம்பரையும் ஒரே சல்லடையில் சலிக்கிறது இந்தச் சட்டம். நன்றாகப் படித்தவன், பொழுது உள்ளவன் சல்லடையைத் தாண்டிவிடுகிறான். காய்ச்சலில் கிடக்கிறவனுக்குத்தான் 20 நாள் போதாது.

கோவில்பட்டி_அக்கா
மார்ச் 6, இரவு 9.00

எல்லோரும் கேட்டிருந்தீர்கள், லேட்டாக எழுதுகிறேன்.

19-ம் தேதி மெயின்லைனில் போய்க் கேட்டிருக்கிறான். கை நடுங்கியதாம். அன்று சாயங்காலமே இரண்டு ஃபார்மும் வந்துவிட்டன. பி.பி.8-ஐக் கொடுத்த அன்றே "தீர்க்க முடியவில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டான். பி.பி.9 வெள்ளிக்கிழமை 20 கொடுத்தான், பதிவானது 23. கடைசி நாள்! ரசீதில் நம்பருக்குப் பின்னால் எஃப்1 என்று இருக்கிறது. அவசரம் என்பதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் மார்ச் 3 திடீரென்று கூப்பிட்டு மெத்தென்ற ஷூவைக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். கொட்டடிக்கு அனுப்பவில்லை, கிச்சனிலிருந்து லாண்டரிக்கு மாற்றினார்கள், அது தண்டனையா நல்லதா என்று அவனுக்கே தெரியவில்லை. மீனா, பாக்கி 22 மாதம். ஃபார்ம் 95-க்கு வேறு வக்கீலைப் பார்த்துவிட்டேன், அவர் 400 டாலர் கேட்கவில்லை.

ஷூ வந்தாச்சே, இனி மேலே போக வேண்டுமா என்று கேட்கிறான். சலித்துவிட்டான்.

29_சென்ட்
மார்ச் 6, இரவு 9.25

போக வேண்டும் அக்கா. "ஷூ கொடுத்தாயிற்று, குறை தீர்ந்தது" என்று பதில் வரும் பாருங்கள். ஸ்பெஷலிஸ்ட் கேட்டதும் நஷ்டஈடு கேட்டதும் அப்படியே நிற்கின்றன. வார்டனுக்கு மார்ச் 15 வரை நேரம், இன்னும் 20 நாள் நீட்டினாலும் நீட்டுவார். எஃப்1 என்றால் இந்தச் சிறை. ரீஜனுக்குப் போனால் ஆர்1, வாஷிங்டனில் ஏ1. அந்த ஏ1-ஐப் பார்க்கும் வரைக்கும் நிறுத்தக் கூடாது. பி.பி.10-உடன் பி.பி.9 நகலும் அதன் பதிலின் நகலும் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் திருப்பிவிடுவார்கள். தபால் செலவு அவனுடையது. கமிசரியில் ஸ்டாம்ப் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கோவில்பட்டி_அக்கா
மார்ச் 6, இரவு 9.40

ஸ்டாம்புக்கு இன்றே பணம் போட்டுவிட்டேன். அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். எந்தக் கால் என்று மட்டும் கேட்டாள்.